சொல் யாருடையது?

மனிதனைச் சொல்லுடைய உயிர் என்று வரையறுத்தார் கிரேக்க மெய்யியலார் அரிஸ்டாட்டில். மற்ற உயிர்களுக்கும் குரல் உண்டு; வலியையும் மகிழ்ச்சியையும் அவை குரலால் அறிவிக்கும். ஆனால் இது நீதி, இது அநீதி என்று எடுத்துரைக்கும் சொல் மனிதனிடம் மட்டுமே உண்டு என்று தம் 'அரசியல்' நூலின் தொடக்கப் பகுதியிலேயே அவர் கூறுகிறார். குருமடத்தில் மெய்யியல் பயில்வோர் மனப்பாடமாக ஒப்பிக்கும் வரையறை இது. பின்னாளில் பங்குப் பணிக்கு வந்து, முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளர் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதுதான், அந்த வரையறைக்கு வெளியே படுத்திருக்கும் மனிதரை நாம் சந்திக்கிறோம். ஊர்க் கூட்டத்தில் நியாயம் பேசியவர் அவர்; அல்லது முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவர். இன்று தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஒரு சொல் கிடைக்காமல் தவிக்கிறார். சொல் போனபின் இவர் யார்? எஞ்சி வரும் ஓரிரு சொற்கள் யாருடையவை? அவர் பேச இயலாத இடத்தில் நாம் பேசலாமா? இக்கேள்விகளைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. இதை மருத்துவர்கள் அபேசியா என்பர். மொழியிழப்பு என்று நாம் சொல்லலாம். பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பாதி. அந்த இடப்பாதியே உடலின் வலப்பக்கத்தையும் இயக்குகிறது. எனவே வலக்கையும் நாவும் ஒருசேர வீழ்வதே வழக்கம். பாபிலோனின் ஆறுகளருகே அழுதவர்களின் திருப்பாடலில் (137), எருசலேமை மறந்தால் தம் வலக்கையும் தம் நாவும் பயனற்றுப் போகட்டும் என்று பாடகர் தம்மையே சபித்துக்கொள்கிறார். அவர் எதைக் கண்டு இவ்விரண்டையும் இணைத்துச் சொன்னாரோ, பக்கவாத நோயாளர் ஒருவரைப் பார்த்தவர்க்கு அந்த வரிகள் புதிதாகக் கேட்கும்.

இந்நோய் எல்லார்க்கும் ஒரே வகையாக வருவதில்லை. சிலருக்குப் பிறர் பேச்சு பெரும்பாலும் விளங்கும்; தம் சொல் மட்டும் வெளிவராது. வேறு சிலருக்குச் சொற்கள் ஆறுபோல் ஓடும். ஆனால் பொருள் இராது. கேட்பதும் சரியாக விளங்காது. இவ்விரண்டாம் வகையை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874-இல் விளக்கினார். இரண்டுக்கும் இடையில் எத்தனையோ படிகள் உண்டு. ஆனால் இது செவிட்டுத்தன்மையன்று, மனநோயன்று, அறிவு மழுங்கிப் போனதுமன்று. 'புத்தி போயிடுச்சு சாமி' என்று வீட்டார் அவர் எதிரிலேயே நம்மிடம் சொல்கிறார்கள். அப்பொழுது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ஆங்கில அகராதி படைத்த சாமுவேல் ஜான்சன், 1783 ஜூன் 17-ஆம் நாள் பின்னிரவில் தலையில் ஒரு குழப்பத்தோடு விழித்தார். உடலை எப்படி வருத்தினாலும் தம் அறிவை மட்டும் காக்கும்படி இறைவனை வேண்டினார். அந்த வேண்டுதலை இலத்தீன் செய்யுளாக மனத்துக்குள் அமைத்துப் பார்த்தார். செய்யுள் நன்றாக அமையவில்லை. ஆனால் அது நன்றாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. எனவே அறிவு பழுதாகவில்லை என்று முடிவு செய்தார். வாய் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. விடிந்தபின் எழுதுகோலை எடுத்து அண்டை வீட்டாருக்கு ஒரு குறிப்பு எழுதி மருத்துவரை அழைத்தார். கை பல இடங்களில் தவறான எழுத்தைப் போட்டது. ஜான்சனுக்குப் பேச்சு விரைவில் திரும்பிவிட்டது. எல்லார்க்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை.

பாரிசு நகரின் பிசேத்திர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார். முப்பது வயதளவில் பேச்சை இழந்து அங்கு வந்தவர். எதைக் கேட்டாலும் அவர் சொன்ன ஒரே அசை 'தான்'. அதையே இருமுறை சொல்வார். (பிரெஞ்சு மொழியில் அந்த அசைக்கு அவர் என்ன பொருள் கொண்டாரோ, யாரும் அறியார், தமிழ்ச் செவிக்கு அது வேறொன்றாகக் கேட்கிறது.) உடன் இருந்தோர் அவரைத் தன்னலக்காரர், பழிவாங்குபவர் என்று வெறுத்தனர், திருடர் என்றும் கூறினர். 1861 ஏப்ரலில் அவர் கால் அழுகிய நிலையில் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் கொண்டுவரப்பட்டார். எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டார். லெபோர்ஞ் இடக்கையை நான்கு முறை விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று, கணக்கு சரி. மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது, தம்மைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சினம் மூண்டது. கடவுளின் பெயரை இழுத்துச் சொல்லும் ஒரு சாபச் சொல் முழுமையாக வெளிவந்தது. சில நாள்களில் அவர் இறந்தார். மூளையின் இட முன்பகுதியில் இருந்த சிதைவைப் புரோக்கா கண்டதும், மொழிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் நிலைபெற்றதும் பாட நூல்களில் உள்ள செய்தி. நம் கவனம் அந்த மூன்றாவது கேள்வியில் நிற்கிறது. பக்கவாதம் கண்ட முதியவரை விருந்தினர் முன் அமர்த்தி, 'இது என்ன, சொல்லுங்க தாத்தா', 'இவங்க யாரு, சொல்லுங்க பாப்போம்' என்று கேட்கும் வீடுகள் எத்தனை! அன்பினால்தான் கேட்கிறார்கள். கேட்கப்படுபவருக்கு அது தேர்வுக்கூடம்.

லெபோர்ஞிடம் வெடித்த சாபச் சொல்லோடு தொடர்புடைய மற்றொரு செய்தி உண்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1866 மார்ச்சில், பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் போத்லேர் பெல்ஜியத்தின் நாமூர் நகரில் புனித லூப் ஆலயத்தைப் பார்வையிடும்போது தடுமாறி விழுந்தார். சில நாள்களில் வலப்பக்கம் செயலற்றது; மொழி போயிற்று. பிரசெல்சு நகரில் அருட்சகோதரிகள் நடத்திய மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அந்த மாபெரும் சொல்லாளரிடம் எஞ்சியது 'க்ரே நோம்' என்ற ஒரே தொடர். 'திருப்பெயர்' என்பது அதன் நேர்ப்பொருள். வழக்கில் அது தெய்வநிந்தனை. உணவு வேண்டுமா என்றாலும் அதுவே விடை. செபிப்போமா என்றாலும் அதுவே விடை. சகோதரிகள் நடுங்கிப் போனார்கள். அவர் இரண்டு வாரம் போல் அங்கிருந்து வெளியேறியபின், அறையில் மண்டியிட்டுத் தீர்த்தம் தெளித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அவர்களைப் பழிப்பது எளிது, நாம் பழிக்கவில்லை. பாரிசு மருத்துவர்களே அப்பொழுதுதான் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் அறநெறி இறையியல் அறிந்தவர்க்கு அன்றும் விடை கிடைத்திருக்கும். மனிதச் செயல் வேறு, மனிதனிடம் நிகழும் செயல் வேறு என்று புனித தோமா அக்வினார் பிரித்துக் காட்டினார். சிந்தித்துத் துணிந்து செய்வது முன்னது. எண்ணமின்றித் தாடியை வருடுவது பின்னது. பாவமும் புண்ணியமும் முன்னதற்கே உரியவை. மொழியிழப்பில் வெடிக்கும் சாபச் சொல் துணிந்து சொன்னதன்று, தும்மலைப் போன்றது. ஒருநாளும் தகாத சொல் பேசாத பக்தர்களின் வாயிலும் அது வந்துவிடுகிறது. 'உள்ளே இருந்ததுதானே வெளியே வருது' என்று முணுமுணுப்போர் உண்டு, அது அநீதி. பிறர் பேசக் கேட்டுக் கேட்டு மூளையில் தங்கிய சொல்லும் அவ்வாறே வெளிவரும்.

இங்கேதான் நம்மைத் தொந்தரவு செய்யும் கேள்வி எழுகிறது. தண்ணீர் கேட்க இயலாத நோயாளர், செபமாலை தொடங்கினால் அருள்நிறைந்த மரியே மன்றாட்டைத் தடையின்றிச் சொல்லிவிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பாடலைத் தொடங்கினால் கூடவே பாடுவார். இது புதிய செய்தியன்று. வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போன ஒருவரைப் பற்றி சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஓலோப் டாலின் 1745-இலேயே குறிப்பு எழுதினார். நோய்க்கு முன் கற்ற திருப்பாடல்களை, தொடக்கத்தை மட்டும் ஒருவர் எடுத்துக் கொடுத்தால், உடல்நலம் உள்ளவரைப் போலத் தெளிவாக அவர் பாடினார். சில செபங்களையும் அவ்வாறே ஒப்பித்தார். வீட்டாருள் சிலர் இதைப் புதுமை என்பர். வேறு சிலர், 'மனசு வெச்சா பேசுறாரு, பிடிவாதம்' என்பர். இரண்டும் சரியன்று. இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை விளக்கினார். புதிதாக ஒரு கருத்தைக் கட்டிச் சொல்வது ஓர் ஆற்றல். முன்பே கோத்து வைத்ததை உதிர்ப்பது வேறோர் ஆற்றல். எண்களை வரிசையாகச் சொல்வதும், கிழமைகளைச் சொல்வதும், வணக்கம் கூறுவதும், பாட்டும், செபமும், சாபமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அதாவது, செபமும் சாபமும் ஒரே கிடங்கிலிருந்து வருகின்றன. சாபம் அவருடையதன்று என்று விடுவித்த நாம், செபம் மட்டும் அவருடையது என்று எப்படிச் சொல்வது? ஒரே அளவுகோலைத்தானே இரண்டுக்கும் பிடிக்க வேண்டும்? செபமும் வெறும் ஒலிதான் என்று ஏற்றுக்கொண்டால், கட்டிலருகே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் மனைவிக்கு நாம் என்ன சொல்வது?

போத்லேரின் கடைசி நாள்கள் இதற்கு ஒரு வழி காட்டுகின்றன. அவரைப் பாரிசுக்குக் கொண்டுவந்தபின், அவருடைய நண்பரும் புகைப்படக் கலைஞருமான நதார் அவரைப் பார்க்கச் செல்வதுண்டு. ஒருநாள் மருத்துவ இல்லச் சாளரத்தருகே இருவரும் ஆன்மாவின் அழியாமை பற்றி உரையாடினார்கள். ஒருவர் சொற்களால் பேசினார். மற்றவர் கண்ணாலும் கையாலும் அந்த ஒரே தொடராலும் பேசினார். கடவுளை நீ எப்படித்தான் நம்புகிறாய் என்று நதார் கேட்டார். போத்லேர் சற்று விலகி நின்று, வெற்றி வளைவின் பின்னே பொன்னும் நெருப்புமாய்ச் சாய்ந்துகொண்டிருந்த கதிரவனைச் சுட்டிக்காட்டி உரக்கக் கூவினார்: 'க்ரே நோம்! ஓ, க்ரே நோம்!' நதார் இதைத் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்தார். பக்திக்கதை புனையும் ஆர்வம் அவருக்கு இல்லை என்பதை அவர் கேட்ட கேள்வியே காட்டும்.

பிரசெல்சில் தெய்வநிந்தனையாகக் கேட்ட அதே தொடர் பாரிசில் விசுவாச அறிக்கையாயிற்று. ஒலி மாறவில்லை. எனவே ஒலியை வைத்து நாம் எதையும் தீர்க்க இயலாது. கிடங்கிலிருந்து தானாக வெளிவந்த சொல்லை உள்ளிருக்கும் மனிதர் எடுத்து ஆளலாம், ஆளாமலும் விடலாம். சினத்தில் வெடித்து, அடுத்த நொடியே நாணித் தலைகுனிந்தாரானால், அந்தச் சாபத்தை அவர் ஏற்கவில்லை. மரியன்னை செபத்தில் கண் கலங்கி, உயிருள்ள இடக்கையால் செபமாலையைப் பற்றிக்கொண்டாரானால், நா உதிர்த்ததை அவர் தமதாக்கிக்கொண்டார். வேறொரு நாளில் செபம் வெறும் ஒப்பித்தலாகவும் போகலாம். நலமுள்ள நம் செபமாலையில் மட்டும் என்ன வாழ்கிறது? நதாருக்கு அது கேட்டது, அவர் நண்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால். சகோதரிகள் சொல்லை மட்டும் கேட்டார்கள்.

இனி, இழந்த சொல் எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்ப்போம். நம் குடும்பங்களில் கைகால் பயிற்சிக்குக் காட்டும் அக்கறை பேச்சுப் பயிற்சிக்குக் காட்டப்படுவதில்லை. நடக்க வைத்துவிட்டால் போதும் என்று நின்றுவிடுகிறார்கள். முதல் சில மாதங்களில் மீட்சி விரைவாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப்பின் வாயில் அடைபட்டுவிடும் என்பது உண்மையன்று. ஜெர்மனியில் நோய் கண்டு ஆறு மாதமோ அதற்கு மேலோ கடந்த 156 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. வாரத்திற்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி பெற்றவர்கள், அன்றாட உரையாடலில் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். பயிற்சி பெறாமல் காத்திருந்தவர்களுக்கு அம்முன்னேற்றம் இல்லை.

பயிற்சியாளர் செய்வது மந்திரமன்று. படத்தைக் காட்டுவார், சொல் வராவிட்டால் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுப்பார், அல்லது 'சோறும்...' என்று தொடங்கி, 'குழம்பும்' என்று நோயாளர் முடிக்கக் காத்திருப்பார். பாடும் ஆற்றல் எஞ்சியிருப்பதைக் கொண்டு 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். 'தண்ணி வேணும்' போன்ற சிறு தொடரை இராகத்தோடு இழுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்ட வேண்டும். பிறகு இராகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பேச்சுக்கு வர வேண்டும். பழைய பாட்டைப் பாடுவது அப்படியே பேச்சாக மாறிவிடாது. அந்தப் படிப்படியான இறக்கத்தில்தான் உழைப்பு இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் ஆகலாம். திங்களன்று வந்த சொல் செவ்வாயன்று ஓடிவிடலாம். சிலருக்கு எவ்வளவு உழைத்தாலும் சில சொற்களுக்கு மேல் திரும்புவதில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

பயிற்சியாளரின் நேரம் வாரத்தில் சில மணி. வீட்டாரின் நேரம் முழு வாரம். கனடாவின் டொரொன்டோ நகரில் பாட் அராட்டோ என்னும் பெண்மணி, தம் கணவர் மொழியிழந்தபின், 1979-இல் இவர்களுக்கென ஒரு மையம் தொடங்கினார். அங்குப் பணியாற்றிய ஆரா காகன் பின்னர் நோயாளரை மட்டுமன்றி, அவரோடு பேசுவோரையும் பயிற்றுவிக்கும் முறையை வளர்த்தார். நோயாளரிடம் கருத்து இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள். அதை வெளிக்கொணர வழி செய். நீ புரிந்துகொண்டது சரிதானா என்று அவரிடமே உறுதி செய் என்பதே அதன் சாரம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எதிரில் அமர்தல், ஒரு நேரத்தில் ஒரே செய்தியைக் கூறல், தாளும் பென்சிலும் அருகில் வைத்தல், விடைகளை எழுதிச் சுட்டச் சொல்லல்: செலவு ஏதும் இல்லை. கடினமானது ஒன்றுதான், காத்திருத்தல். நோயாளர் ஒரு சொல்லைத் தேடும்போது நாம் மூன்று சொல்லை நீட்டிவிடுகிறோம். 'காபியா? மாத்திரையா? பாத்ரூமா?' அவர் தேடிக்கொண்டிருந்த நான்காவது சொல் அந்த இரைச்சலில் கலைந்து போகிறது. களைத்துப்போய் மூன்றில் ஒன்றுக்குத் தலையாட்டுகிறார். நாமும் உதவிய நிறைவோடு எழுகிறோம்.

செக்கரியா பேச்சிழந்த நிகழ்வை லூக்கா நற்செய்தியில் வாசிக்கும்போது, அவருடைய அக்கம்பக்கத்தாரை நாம் கவனிப்பதில்லை. பிள்ளைக்குத் தந்தையின் பெயரே தகும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பேசாதவர் கேளாதவரும்தான் என்று எண்ணியவர்கள் போல அவரிடம் சைகையால் வினவினார்கள். எனினும் வினவினார்கள், எழுது பலகையும் கொடுத்தார்கள், அவர் எழுதியது அவர்கள் எண்ணியதற்கு நேர் மாறாக இருந்தது. மொழியிழப்பு கண்டவரின் நிலை செக்கரியாவினும் கடினமானது. பேச்சோடு எழுத்தும் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். ஆதலால் கேட்பவர்க்குப் பொறுப்பு கூடுகிறது.

ஒப்புரவு அருளடையாளத்தில் திருச்சபை இதை முன்பே எண்ணியிருக்கிறது. உரைபெயர்ப்பாளர் வழியாகப் பாவ அறிக்கை செய்வதை 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. இயலாமை இருக்குமிடத்தில் முழு அறிக்கையை அது கோருவதில்லை. பேச இயலாதவரின் திருமணச் சம்மதம்கூடச் சைகையால் நிறைவுறும். எனவே, 'பேச முடியாதவர் எப்படிச் சாமி பாவசங்கீர்த்தனம் செய்வார்?' என்று தயங்கி அருள்பணியாளரை அழைக்காமலிருக்க வேண்டியதில்லை. மார்பில் தட்டும் இடக்கை போதும். ஆனால் மகனோ மகளோ அருகில் நின்று, தந்தையின் பாவங்களைத் தாமே எடுத்துரைக்க முன்வரும்போது, அவர்களை அன்போடு வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. உரைபெயர்ப்பாளரைத் தேர்ந்துகொள்வது நோயாளரின் உரிமை.

நாட்டின் சட்டத்திலும் இவர்களுக்கு இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மொழி இயலாமையை வரையறுக்கும்போது மொழியிழப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிறரைப் போலச் சட்டத்தின் முன் உரிமையுடையோர் இவர்கள் என்றும், துணை தேவைப்படுமிடத்தில் இவரும் காப்பாளரும் ஒருவரையொருவர் நம்பி இணைந்து முடிவெடுக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. நடைமுறையில் நாம் காண்பது வேறு. கட்டிலைச் சுற்றி நின்று பிள்ளைகள் தோப்பையும் வீட்டையும் பிரிக்கிறார்கள். 'அப்பா, சரிதானே?' என்று ஒருவர் கேட்கிறார். அவர் 'ஆமா' என்கிறார். மொழியிழப்பில் 'ஆமா', 'இல்லை' இரண்டும் இடம் மாறிவிடும் என்பதை அங்கே யாரும் நினைப்பதில்லை. இல்லை என்று எண்ணிக்கொண்டே ஆமா என்று சொல்லிவிட்டு, சொன்னது தவறென்று உணர்ந்து, திருத்த முயன்று, திருத்தச் சொல் கிடைக்காமல் அவர் குழம்பும்போது, இடது பெருவிரல் மையில் தோய்க்கப்பட்டுவிடுகிறது.

நேர்மையாகக் கேட்க விரும்பினால் வழி உண்டு. தோப்பின் படத்தையும் வீட்டின் படத்தையும் வைக்கலாம். பிள்ளைகளின் நிழற்படங்களைத் தனித்தனியே வைத்து, எதை எதனோடு சேர்ப்பது என்று அவர் கையாலேயே நகர்த்தச் சொல்லலாம். அதே கேள்வியைத் தலைகீழாக்கி மீண்டும் கேட்கலாம்: 'தோப்பு பெரியவனுக்கு வேண்டாமா?' இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்தலாம். காலையில் களைப்பில்லாத நேரத்தில், பங்காளிகள் அல்லாத ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கலாம். சோதிக்கிறார்கள் என்று அவர் சினந்து ஒரு சாபச் சொல்லை வீசவும் கூடும். அப்பொழுது ஏன் மறுபடியும் கேட்கிறோம் என்பதை அவருக்கு விளக்கிவிட்டு, தாளையும் பென்சிலையும் மீண்டும் அவருடைய இடக்கைப் பக்கம் தள்ளி வைக்கலாம்.